குற்றாலத்துக்கு வந்த கிராம்பு

சாரல் காலத்தில் குற்றாலத்துக் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். அடுத்த கடையில் ஜாதிக்காயும் கிராம்பும் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் இவற்றை மலைப் பொருள்கள் என்று நம்பி வாங்கிப் போகிறார்கள். இந்த நான்கில் ஒன்றுகூடக் குற்றாலத்துத் திரிகூட மலையின் சொந்தப் பிள்ளை இல்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. கிராம்பும் ஜாதிக்காயும் அதற்கும் கிழக்கே, இன்று இந்தோனேசியாவில் இருக்கும் மலுக்குத் தீவுகளில் பிறந்தவை.

அவை இங்கே வந்து சேர்ந்த கதைக்குள் ஒரு பேரரசின் ஆசை இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது. பலர் கவனிக்காத ஒரு வேதியியல் வரலாறும் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகங்களில் முதுகலை மாணவர்கள் வினையூக்கம், நிலைத்த வேதியியல் என்று படிக்கிற பாடத்தின் நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தக் கிராம்பு மொட்டுக்குள்தான் இருக்கிறது.

மலுக்குத் தீவுகளின் வாசனைப் பொருள் வணிகத்தை 17ஆம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரர்கள் தங்கள் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார்கள். கிராம்பை அம்பொன் தீவுப் பகுதியிலும் ஜாதிக்காயைப் பண்டா தீவுகளிலும் மட்டும் வளரவிட்டு, மற்றத் தீவுகளிலிருந்த மரங்களை வெட்டி அழித்தார்கள். விலை சரியக் கூடாது என்பதற்காக மரத்தையே கொன்ற வணிகம் அது. 1795இல் ஹாலந்து பிரெஞ்சுப் படைகளிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே ஆங்கிலப் படைகள் அம்பொனையும் பண்டாவையும் பிடித்தன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி உடனே கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அங்கே அனுப்பியது. தீவுகளை என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம், அதற்குள் முடிந்த மட்டும் கன்றுகளைக் கடத்திவிட வேண்டும் என்பதே திட்டம். 1802ஆம் ஆண்டு ஆமியான் உடன்படிக்கையின்படி தீவுகள் டச்சுக்காரர்களிடம் திரும்பிப் போயின. ஆனால் அதற்குள் கன்றுகள் கிளம்பிவிட்டன.

1800 வாக்கில் குற்றாலத்தில் கம்பெனியின் வாசனைப் பயிர்த் தோட்டம் உருவானது. இந்தியாவில் கிராம்பு முதன்முதலில் வேரூன்றிய இடமாக வேளாண் நூல்கள் குற்றாலத்தைத்தான் குறிப்பிடுகின்றன. இங்கே பிழைத்துக் காய்த்த பிறகுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறுக்கும், தெற்கே பழைய திருவிதாங்கூர் மலைகளுக்கும் கிராம்பு பரவியது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பும் அந்தப் பரவலின் தொடர்ச்சிதான்.

அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. அதே ஆண்டு ஆர்க்காட்டு நவாபுடன் செய்த ஒப்பந்தத்தால் சீமை முழுவதும் கம்பெனியின் நேர் ஆட்சிக்குள் போனது. பாளையங்கள் வீழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மலையடிவாரத்தில் கிராம்புக் கன்றுகள் நடப்பட்டன.

குற்றாலத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் செங்கோட்டைக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சற்றுத் தாழ்வதால் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்து ஆனி, ஆடி மாதங்களில் சாரலாகத் தூவுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை நனைக்கிறது. வெயில் கொளுத்தும் சமவெளிக்கு ஓரமாக, ஆண்டில் இரண்டு மழை பெறும் ஈரமான அடிவாரம். தீவு மரங்களுக்கு இதைவிட நெருக்கமான சூழல் கிழக்குச் சரிவில் எளிதில் கிடைக்காது.

ஆனாலும் கிராம்பை வளர்ப்பது பொறுமைக்குச் சோதனை. அதன் விதையைக் காயவைத்து மூட்டை கட்ட முடியாது. ஈரம் வற்றினால் சில நாட்களிலேயே முளைக்கும் திறன் போய்விடும். எனவே கன்றாகவேதான் கடல் தாண்ட வேண்டும், உப்புக் காற்றில் பாதிக்கு மேல் மடியலாம். நட்ட பிறகு முதல் மகசூலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். மொட்டு விரிவதற்கு முன், இளஞ்சிவப்பு ஏறும் பக்குவத்தில் கையால் பறித்து, சில நாள் வெயிலில் காயவைத்தால்தான் கடையில் பார்க்கும் கரும்பழுப்பு ஆணி கிடைக்கும். ஜாதி மரத்திலோ ஆண், பெண் தனித்தனி. நட்டது எது என்று பூக்கும்வரை தெரியாது.

கம்பெனித் தோட்டத்துக்கு அடுத்து குற்றாலத்தைத் தேடி வந்தது அறிவியல். 1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பாளையங்கோட்டைப் படைப்பிரிவில் பணியாற்றினார். தாவரவியல்தான் அவருடைய உயிர். குற்றாலத்துக்கு வந்து அவர் திரட்டிய செடிகள் இன்றும் உலகின் பெரிய தாவரக் காப்பகங்களில் குற்றாலம் என்ற ஊர்ப்பெயர்ச் சீட்டுடன் இருக்கின்றன. அவருடைய நூல்களுக்கு இலையையும் பூவையும் இழை பிசகாமல் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். அவர்களுடைய கைவண்ணம் இல்லாமல் வைட்டின் நூல்கள் இல்லை.

வைட் இங்கே செடி தேடிக்கொண்டிருந்த அதே 1830களில் சுவீடனில் பெர்சிலியஸ் என்ற வேதியியலாளர் ஒரு வியப்பைத் தொகுத்து எழுதினார். சில பொருள்கள் தாம் செலவாகாமல், பக்கத்தில் இருப்பதாலேயே மற்றப் பொருள்களின் வினையை முடுக்குகின்றன. மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் அமிலம், ஹைட்ரஜனைப் பற்றவைக்கும் பிளாட்டினம் என்று தனித்தனியாகக் கிடந்த செய்திகளை அவர் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார். வினையூக்கம் ஒரு துறையாகத் தொடங்கியது அங்கேதான்.

தென்காசிக்காரருக்கு வினையூக்கியை விளக்குவது எளிது. தென்காசியிலிருந்து கொல்லத்துக்குப் போக மலைச் சிகரத்தில் ஏறி இறங்கவும் செய்யலாம், செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் போகலாம். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றே; ஏற வேண்டிய உயரம்தான் வேறு. 1904இல் கொல்லம் ரயில் பாதையும் அந்தத் தாழ்வான வழியாகத்தான் வந்தது. வினையூக்கி என்பது மூலக்கூறுகளுக்குத் திறந்துவிடப்படும் கணவாய்.

இனி கிராம்பு மொட்டுக்குள் போகலாம். அதை நீராவியில் வடித்தால் கிடைக்கும் தைலத்தில் பெரும்பங்கு, பொதுவாக 70 விழுக்காட்டுக்கு மேல், யூஜினால் என்ற ஒரே சேர்மம். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தொட்டு வைக்கும்போது மரத்துப் போகச் செய்வது இதுதான். ஐரோப்பிய வேதியியலாளர்கள் இதில் வேறொன்றைக் கண்டார்கள். யூஜினாலின் மூலக்கூறும், வனிலா வாசனை தரும் வனிலினின் மூலக்கூறும் ஏறக்குறைய உடன்பிறந்தவை. வால் பகுதி ஒன்றில்தான் வேறுபாடு.

1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் பைன் மரச் சாற்றிலுள்ள கோனிஃபெரினிலிருந்து வனிலினைச் செயற்கையாகச் செய்தார்கள். மரச் சாறு போதவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கிராம்புத் தைலமே வனிலின் தொழிலின் முக்கிய மூலப்பொருளாகிவிட்டது. சமையலிலும் மருத்துவத்திலும் மதிக்கப்பட்ட கிராம்பு, இப்படி ஆலைச் சரக்காகவும் மாறியது. பின்னால் காகித ஆலைக் கழிவிலுள்ள லிக்னினும், அதற்குப் பின் பெட்ரோலிய வழியில் வரும் குவையக்காலும் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் மணக்கும் வனிலினில் பெரும்பகுதி குவையக்காலிலிருந்து வருகிறது.

கிராம்பு வழியில் இரண்டு படிகள் உண்டு. முதலில், யூஜினாலின் வால் நுனியில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை ஓர் அணு உள்ளே தள்ளி ஐசோயூஜினால் ஆக்க வேண்டும். அடுத்து, அந்தப் பிணைப்பை ஆக்சிஜனேற்றத்தால் வெட்ட வேண்டும். பழைய முறையில் முதல் படிக்கு அளவுக்கு மீறிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் போட்டுக் கடும் சூட்டில் காய்ச்சினார்கள். வினை முடிந்ததும் அந்தக் காரத்தை அமிலம் ஊற்றி நடுநிலையாக்க வேண்டும். அப்போது உண்டாகும் உப்பு முழுவதும் கழிவுநீரில் போகும். இரண்டாம் படியில் பெர்மாங்கனேட், நைட்ரோபென்சீன் போன்றவை வேறு. மணக்கும் பொருள் ஆலை வாசலில் வெளியேற, மணக்காத கழிவு ஆற்றுக்குப் போனது.

இந்தக் கழிவை அளக்கும் வழி வெகு காலம் யாருக்கும் தோன்றவில்லை. விளைச்சல் எத்தனை விழுக்காடு என்று மட்டுமே கேட்டுப் பழகியிருந்தார்கள். 1991இல் அமெரிக்காவின் பாரி டிராஸ்ட், உள்ளே போட்ட அணுக்களில் எத்தனை பொருளுக்குள் போய்ச் சேர்ந்தன என்று கேட்டார். 1992இல் ராஜர் ஷெல்டன், ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்டார். விடை அதிரவைத்தது. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் ஒரு கிலோவுக்கு நூறு கிராம் அளவுகூட இல்லாத கழிவு, வாசனைப் பொருள் போன்ற நுண் வேதிப்பொருள்களில் 5 முதல் 50 கிலோ. மருந்துகளில் 25 முதல் 100 கிலோவுக்கு மேல். அழுக்கானது என்று எல்லாரும் நினைத்த எண்ணெய்த் தொழில் இந்தக் கணக்கில் சுத்தமாக நின்றதற்குக் காரணம், அங்கே பெரும்பாலான வினைகள் வினையூக்கிகளால் நடப்பதுதான். 1998இல் அனஸ்டாஸும் வார்னரும் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை எழுதியபோது வினையூக்கத்துக்குத் தனி இடம் கொடுத்தார்கள்.

யூஜினால் ஐசோயூஜினாலாக மாறும் வினையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அது ஓர் அழகு. ஓர் அணுவும் சேர்வதில்லை, ஓர் அணுவும் போவதில்லை. உள்ளிருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே. கழிவு முழுவதும் நாம் கொட்டிய காரத்தால் வந்ததே தவிர வினையால் வந்ததல்ல. கரையாத ஒரு திடக் காரத்தை வைத்து அதே வேலையைச் செய்ய முடிந்தால், வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். மக்னீசியமும் அலுமினியமும் அடுக்கடுக்காக அமைந்த ஹைட்ரோடால்சைட் என்ற கனிம வகை இதைச் செய்யும் என்று 2000களின் தொடக்கத்தில் குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிலையத்தில் காட்டினார்கள். மலிவான இரண்டு உலோகங்கள், நூறாண்டுக்கு மேல் பழகிய ஒரு கழிவுக்கு மாற்று வழி காட்டிவிட்டன.

தமிழ்நாட்டில் வினையூக்கப் பாடம் வேர் விட்ட இடம் சென்னை. 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் துறையைக் கட்டியெழுப்பிய எம்.வி.சி. சாஸ்திரி வினையூக்க ஆய்வாளர். அவருடன் ஜே.சி. குரியாகோஸ், பின்னர் பி. விஸ்வநாதன் என்று ஒரு பரம்பரையே அங்கே உருவானது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிய காலம் அது. ஆலைக்கும் வகுப்பறைக்கும் ஒரே கேள்விகள் இருந்தன. வினையூக்கத் தொழில்நுட்பம் அங்கே தனி எம்.டெக் படிப்பாகவே கற்பிக்கப்பட்டது. 2006இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு தேசிய வினையூக்க ஆய்வு மையம் அதே வளாகத்தில் அமைந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பால் ரத்னசாமி இந்தத் துறையில் இந்தியாவின் பெரிய பெயர்களில் ஒருவர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அவருடைய குழு உருவாக்கிய என்சிலைட் என்ற சியோலைட் வினையூக்கி 1980களில் பரோடாவின் பெட்ரோலிய வேதி ஆலையில் வெளிநாட்டு வினையூக்கியின் இடத்தைப் பிடித்தது. விசாகப்பட்டினத்தில் ஆல்கஹாலைக் கொண்டு எத்தில்பென்சீன் செய்யவும் அதே குடும்பத்து வினையூக்கி பயன்பட்டது. பெட்ரோலிய எத்திலீன் செய்த வேலையைச் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் ஆல்கஹால் செய்தது. நிலைத்த வேதியியல் என்று இன்று பேசுவதன் முன்னோட்டம் அது. ரத்னசாமி பின்னர் அந்த ஆய்வகத்துக்கே இயக்குநரானார்.

தென்காசி வட்டாரத்துக்கு வினையூக்கம் பாடமாக வருவதற்கு முன் உரமாக வந்தது. 1975இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை அம்மோனியாவும் யூரியாவும் செய்யத் தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்குவது இரும்பு வினையூக்கி. சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நெல் நட்ட விவசாயி மூட்டையைப் பிரித்து யூரியாவை விசிறியபோது, உலகின் மிகப் பெரிய வினையூக்கத் தொழிலின் விளைபொருள் அவர் கையில் இருந்தது.

பாடம் வருவதற்குக் கல்லூரி வேண்டும், கல்லூரி வெகு காலம் தொலைவில் இருந்தது. இந்தப் பகுதிப் பிள்ளைகள் பட்டப் படிப்புக்குப் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் போனார்கள். பெண்களுக்கு அங்கே சாரா டக்கர் கல்லூரி இருந்தது. ஆனால் செங்கோட்டையிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ ஒரு பெண்ணை விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கத் துணிந்த வீடுகள் குறைவு. 1964இல் குற்றாலநாத சுவாமி தேவஸ்தானத்தின் சார்பில் குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டபோது நிலைமை மாறியது. கோயில் சொத்து கல்வியாக மாறிய நல்ல முன்மாதிரி அது. வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம் என்பதே பல பெண்களைப் பட்டதாரி ஆக்கியது.

பல்கலைக்கழகமும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. முதலில் சென்னை, 1966இல் மதுரை, 1990இல் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே, ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, முதுகலைப் படிப்பும் சுற்றுச்சூழல் ஆய்வும் அதன் எல்லைக்குள் ஏற்கெனவே இருந்தன.

முதுகலை வகுப்பில் வினையூக்கம் பெரும்பாலும் ஒரு தாளாகவோ ஒரு தாளின் சில அலகுகளாகவோதான் வருகிறது. மேற்பரப்பில் வாயு ஒட்டுவது, வினைவேகம், திட அமிலம், சியோலைட், நொதி, அதனுடன் பசுமை வேதியியலின் 12 கொள்கைகள். மாணவிகள் அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் எங்கோ உள்ள ஆலைகள். தங்கள் ஊர்த் தோட்டத்திலிருக்கும் கிராம்பு அந்தப் பாடத்தின் முழு வரலாற்றையும் சுமந்து நிற்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. இது பெரிய இழப்பு.

சொல்லித்தர வேண்டிய இன்னொரு பாடம் சிற்றாற்றில் ஓடுகிறது. குற்றாலக் குளியல் என்றாலே எண்ணெய், சீயக்காய் என்றிருந்தது மாறி, சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் அருவிக்கரைக்கு வந்தன. நுரை, கீழே பாசனத்துக்கும் குடிநீருக்கும் போகும் ஆற்றில் இறங்கியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. தடை அவசியம்தான். அந்த நுரைக்குப் பின்னாலும் வினையூக்க வரலாறு உண்டு. சலவைத்தூளின் அடிப்படையான நேர்ச்சங்கிலி ஆல்கைல்பென்சீன், மணலியில் தயாராகும் பொருள்களில் ஒன்று. அதற்கு முன்பு உலகெங்கும் கிளைச்சங்கிலி வகையைப் பயன்படுத்தினார்கள். அதை ஆற்று நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாமல் 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரை கக்கின. சங்கிலியை நேராக்கியதால் சிதைவு எளிதானது. இந்த நேர்ச்சங்கிலிப் பொருளைச் செய்யப் பயன்பட்ட ஆபத்தான ஹைட்ரஜன் ஃபுளோரைடு வினையூக்கிக்கு மாற்றாக 1990களில் திட அமில வினையூக்கி வந்தது. ஒரு மூலக்கூற்றின் வடிவம் ஓர் ஆற்றின் தலையெழுத்தை மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழத்தோட்ட அருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் பண்ணை இருக்கிறது. மலைத் தோட்டங்களில் கிராம்பின் மொட்டு மட்டுமே சந்தைக்குப் போகிறது. உதிரும் இலையும் மொட்டுக் காம்பும் மண்ணில் மக்குகின்றன. அந்த இலையிலும் காம்பிலும் உள்ள தைலத்திலும் பெரும்பங்கு யூஜினால்தான். அவற்றை நீராவியில் வடிப்பதற்கும், ஹைட்ரோடால்சைட்டைத் தயாரித்து ஐசோயூஜினால் செய்து பார்ப்பதற்கும், பழைய கார முறையோடு கழிவுக் கணக்கை ஒப்பிடுவதற்கும் ஒரு முதுகலைத் திட்டப்பணியின் காலம் போதும். பகுப்பாய்வுக்கு ஒரு வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும். அதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை, வட்டாரத்துக்கு ஒன்று பொதுவாக இருந்தால் போதும். பண்ணையும் கல்லூரியும் குற்றாலத்தில், சுற்றுச்சூழல் மையம் ஆழ்வார்குறிச்சியில் என்று மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, வருகிற கல்வியாண்டின் திட்டப்பணித் தலைப்புகளில் கிராம்பு இலை முதலாவதாக இடம்பெறட்டும்.